தூக்கம் வரவில்லையா, வந்து போய்விட்டதா?

"டாக்டர், நான் தூங்கி எட்டு மாசமாச்சு" என்று தொடங்குகிறது இந்த வாரம் வந்த கடிதம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஐந்து தாள், இரண்டு பக்கமும் எழுத்து. எழுதியவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில் இருக்கும் பெண்மணி. வயது 58. பெயர் வேண்டாம் என்றார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க இரண்டொரு விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சாரம் இது. 16 வயதில் அம்மாவோடு உளி பிடித்தவர் 38 வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டு அறை வீடு. கணவருக்கு 63 வயது, ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவலாளி. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை. மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில். இரவில் வீட்டில் இவர் ஒருத்திதான். எட்டு மாதத்துக்கு முன் பின்வரிசையில் ஒரு வீட்டுக் கிரில்லை அறுத்துத் திருடன் புகுந்தான். அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவில்லை என்கிறார்.

இவருடைய ஒரு நாள் எப்படி? மாலை ஐந்துக்குக் கணவருக்குச் சாப்பாடு கட்டும்போது ஒரு பெரிய குவளை தே தாரே (பால் தேநீர்). ஏழரைக்கு நாடகம் பார்க்க உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் கண் சொக்கிவிடுகிறது. ஒன்பதுக்குப் படுக்கை, கால் மணி நேரத்தில் தூக்கம். இரண்டரைக்கு 'யாரோ தட்டி எழுப்பின மாதிரி' விழிப்பு. அப்புறம் ஐந்தரை வரை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புரளுவது. இடையில் இரண்டு தடவை பாத்ரூம். மதியம் கணவர் தூங்கும்போது இவரும் ஒன்றரை மணி நேரம் படுக்கிறார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

செய்து பார்த்த வைத்தியம்: ஜாதிக்காய்ப் பால், கசகசாப் பால், தலைக்கு நல்லெண்ணெய், அமுக்கரா சூரணம், சளிக்குத் தரும் சின்ன மஞ்சள் மாத்திரை. கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்காவின் வெள்ளைத் தூக்க மாத்திரையில் பாதி. அதை நாலு தடவை போட்டிருக்கிறார். நாலாவது தடவை விடியற்காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு கன்றிப்போனது. இப்போது இவருக்குக் கேள்வி நாலு: தூக்க மாத்திரையைத் தினமும் போடலாமா? எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மறதி நோய் வரும் என்று மகள் அனுப்பிய வீடியோ சொல்கிறதே, நிஜமா? இது பைத்தியத்துக்கு ஆரம்பமா? யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், எடுக்க 300 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறாரே ஒருவர், கொடுக்கலாமா?

அம்மா, 300 வெள்ளியை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள். கோயிலுக்குப் போவதிலோ தாயத்து கட்டிக்கொள்வதிலோ எனக்கு ஆட்சேபம் கிடையாது. மனசுக்குத் தைரியம் கிடைக்கிறதென்றால் நல்லதுதான். பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிழையில்லாமல், நேரம் காலம் குறித்து, பத்துப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தைப் பற்றி இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள் என் கிளினிக்குக்கு அதிகம் வருவதில்லை.

அந்தக் கணக்கை நானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். ஒன்பதே காலிலிருந்து இரண்டரை வரை ஐந்தே கால் மணி நேரம். நாடகத்தின் முன்னால் முக்கால் மணி. மதியம் ஒன்றரை. மொத்தம் ஏழரை. (ஏழரை என்றதும் சனி பகவானை நினைத்துக்கொள்ளாதீர்கள்.) உங்கள் வயதில் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம் தாராளம். அதற்கு மேலேயே உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது, துண்டு துண்டாக, வேண்டாத நேரத்தில். மூன்று வீட்டில் கொடுத்த சில்லறையை மறந்துவிட்டு, பை ஏன் காலியாக இருக்கிறது என்று ராத்திரி இரண்டரைக்குத் தேடுகிறீர்கள்.

இதனால் உங்கள் அவதி பொய் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, அதனால் பகலும் கெட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்றுதான் மருத்துவத்தில் சொல்கிறோம். உங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் தொடங்கி வைத்த காரணம் ஒன்று, இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கும் காரணம் வேறு. தொடங்கி வைத்தவன் அந்தத் திருடன். அவன் போய் எட்டு மாதமாகிறது. சீக்கிரம் படுப்பது, மதியம் ஈடுகட்டுவது, படுத்துக்கொண்டே மணி பார்ப்பது எல்லாம் நீங்கள் பயத்தில் பழகிக்கொண்டவை. இப்போது தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இவைதான்.

38 வருஷப் பழக்கம்

இன்னொன்றும் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் பால் அழுத்தமாக இருக்கும், வெட்டினால் நெடுநேரம் ஒழுகும். அதனால்தானே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மர நிரைக்குப் போனீர்கள்? பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நேரத்தில் நிற்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். வேலையை விட்டுப் பத்து வருஷம் கழித்தும் நாலு மணிக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும். அவருக்குத் தூக்கமின்மை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவரும் வைத்துக்கொள்ளவில்லை.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது வெளிச்சத்தையும் வழக்கத்தையும் பார்த்து ஓடுவது. வயது ஏற ஏற அது தானாகவே கொஞ்சம் முந்தி ஓடும்; ஆழ்ந்த தூக்கமும் குறையும். ஒன்பதுக்குப் படுத்தவர் மூன்றுக்குள் விழிப்பது இந்தக் கடிகாரத்துக்கு நியாயமான கணக்கு. மகளின் வீடியோ சொல்லும் எட்டு மணி நேரம் ஒரு சராசரி. ஆளுக்கு ஆள் கூடும், குறையும். பல வருஷமாகத் தூக்கம் மிகவும் குறைந்தவர்களுக்கு மறதி நோய் கொஞ்சம் அதிகம் என்று ஆய்வுகள் உண்டு. அதை வைத்து, எட்டு மாதம் துண்டு துண்டாகத் தூங்கிய உங்களுக்கு மறதி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வீடியோவால் வந்த ஒரே நோய், இரண்டரை மணிக்கு நீங்கள் படும் பயம்.

பக்கத்து வீட்டு மாத்திரை

இதில் மட்டும் கறாராகச் சொல்கிறேன்: இனி வேண்டாம்.

அது என்ன மாத்திரை என்று உங்களுக்கே தெரியவில்லை. வெள்ளையாகச் சின்னதாக இருப்பதில் நூறு வகை உண்டு. தூக்க மாத்திரைகளில் பல, நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. டாக்டர் ஒருவருக்கு எழுதித் தந்ததை இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அக்கா நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார், அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் விடிகாலையில் நீங்கள் விழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது, மறுநாள் காலையிலும் மயக்கம் மிச்சமிருக்கிறது என்று கண்டு, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் சொன்னது. 58 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தினமும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வகை மாத்திரைகளைப் பொதுவாக இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு மேல் தருவதில்லை. உடம்பு பழகிவிடும், அப்புறம் அளவு போதாது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாக விழிப்பு வரும். நீங்கள் நாலே தடவை போட்டதால் அப்படியே விட்டுவிடலாம். இதைப் படிக்கும் வேறு யாராவது மாதக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மஞ்சள் மாத்திரை ஒவ்வாமைக்கானது, மயக்கம் அதன் பக்கவிளைவு. அது தரும் தூக்கம் நல்ல தூக்கமில்லை. வாய் உலரும், மலம் கட்டும், வயதானவர்களுக்குத் தலையும் குழம்பும். அதையும் விட்டுவிடுங்கள்.

பாட்டி வைத்தியம்

நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், தாராளமாக. தூக்கம் வருகிறதோ இல்லையோ, சுகமாக இருக்கும். வெதுவெதுப்பான பாலும் அப்படித்தான், ஆனால் சர்க்கரை போடாமல், அரைக் குவளை, எட்டு மணிக்குள். ஜாதிக்காயை இழைத்து ஒரு சிட்டிகை போட்டால் பயமில்லை. தூக்கம் வரவில்லையே என்று ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று ஏற்றினால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இல்லாதது கண்ணில் தெரியும். அப்படி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. அமுக்கராவைப் பற்றிச் சில சிறிய ஆய்வுகள் நல்லவிதமாகச் சொல்கின்றன. ஆனால் அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்கக்கூடியது, அரிதாகச் சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. நீங்கள் மாத்திரை சாப்பிடுபவர், டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் தொடராதீர்கள். கசகசா குருமாவில் இருக்கட்டும். மகனைப் பார்க்கப் போகும்போது மட்டும் பையில் வைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

சரி, என்ன செய்யலாம்?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது, மறுவருஷம் ஐரோப்பிய வழிகாட்டியும் அதையே சொன்னது. முறை பழையதுதான். படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள் என்பதை 1972இலேயே ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் எழுதிவிட்டார். படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் தூக்கம் கெட்டிப்படும் என்று ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் காட்டினார். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி இதை இப்படி மாற்றித் தருகிறேன்.

பதினொன்று முதல் ஐந்து வரை. இரவு பதினொன்றுக்கு முன் படுக்கை அறைக்குள் போகாதீர்கள். எப்படித் தூங்கினாலும், தூங்காவிட்டாலும், ஐந்துக்கு எழுந்துவிடுங்கள். மதியத் தூக்கம் கிடையாது. 'இருக்கிற தூக்கத்தையும் பிடுங்குகிறாரே' என்று நினைப்பீர்கள். இப்போது எட்டரை மணி நேரம் படுத்து ஐந்தே கால் மணி நேரம் தூங்குகிறீர்கள். ஆறு மணி நேரம் மட்டும் படுத்தால் அதே ஐந்தே கால் ஒரே துண்டாக வரும். ஒரு வாரம் அப்படித் தூங்கிவிட்டால் பத்தே முக்காலுக்குப் படுங்கள், அடுத்த வாரம் பத்தரை. பகலில் களைப்பில்லாத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். (வலிப்பு நோய் உள்ளவர்களும், மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.)

மாலை வெளிச்சம். 'காலை வெயிலில் நில்லுங்கள்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராதவருக்கு அது சரி. உங்கள் கடிகாரம் முந்தி ஓடுகிறது, அதைப் பின்னுக்கு இழுக்க மாலை வெளிச்சம்தான் வேண்டும். 1982 ஜனவரியில் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, நீங்கள் உளி பிடித்த காலம்தான், நினைவிருக்கும். அந்தப் புண்ணியத்தில் ஏழு மணி தாண்டியும் நமக்கு வெளிச்சம் இருக்கிறது. ஆறிலிருந்து ஏழு வரை நடந்துவிட்டு வாருங்கள். பத்து மணி வரை ஹாலில் பெரிய விளக்கு எரியட்டும். நாடகத்தை மெத்தை நாற்காலியில் சாய்ந்து பார்க்காமல், முதுகு நேராக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு பாருங்கள். கண் சொக்கினால் எழுந்து நில்லுங்கள். மகளோடு பேசுவதை ஒன்பதரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவரே உங்களை விழித்திருக்க வைப்பார்.

இரண்டரை மணிக்கு. சுவர்க்கடிகாரத்தை இன்றைக்கே கழற்றி ஹாலில் மாட்டுங்கள். மணி தெரிந்தால் 'இன்னும் இவ்வளவுதான் பாக்கி' என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடும். விழிப்பு வந்து ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆனது போலத் தோன்றினால் எழுந்து ஹாலுக்கு வந்துவிடுங்கள். டியூப் லைட் வேண்டாம், சாமி மேடை விளக்கு போதும். கைபேசியைத் தொடாதீர்கள். துணி மடியுங்கள், பூ கட்டுங்கள், கந்த சஷ்டி கவசம் தெரிந்தால் சொல்லுங்கள். கண் கனத்த பிறகுதான் படுக்கை. ஒரே இரவில் மூன்று தடவை எழ நேர்ந்தாலும் பரவாயில்லை.

தே தாரே. அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஐந்து மணிக் குவளையைக் காலைக்கு மாற்றுங்கள்.

பயம் வேறு விஷயம். அதற்குப் பழக்கம் சொல்லித் தர முடியாது, பூட்டுத்தான் வேண்டும். மகன் அடுத்த தடவை வரும்போது பின்கதவுக்கு நல்ல பூட்டும், வெளியே ஆள் நடந்தால் எரியும் விளக்கும் போடச் சொல்லுங்கள். பத்தரைக்கு ஒரு தடவை கதவெல்லாம் பார்த்து, நோட்டில் ஒரு சரி போடுங்கள். அப்புறம் சத்தம் கேட்டால் அந்தச் சரியை நினைத்துக்கொள்ளுங்கள், எழுந்து போய்ப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாத்திரைக்குப் பதிலாக அவர் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். அந்த உதவிதான் உங்களுக்கு வேண்டியது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார கிளினிக்கில்) ஒரு வெள்ளிதான் கட்டணம். எல்லா மாத்திரை அட்டைகளையும், சூரண டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரவில் இரண்டு தடவை பாத்ரூம் போவதைக் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் அப்படி ஆகும். சில அழுத்த மாத்திரைகளால் கால் வீங்கி, படுத்ததும் அந்த நீர் மேலே ஏறிச் சிறுநீராக இறங்குவதும் உண்டு. நீர் பிரியும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதைக் காலையில் போட வேண்டும். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இன்னும் வலித்தால் ஒரு எக்ஸ்ரே.

நாலாம் பக்கத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது: 'மரத்தை வெட்டிப் போட்ட மாதிரியே எனக்கும்.' கூட நின்று வெட்டிய பெண்களெல்லாம் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடியலில் விழிப்பது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். காரணமில்லாமல் அழுகை வருகிறதா, எதிலும் பிடிப்பில்லையா, இருந்து என்ன என்று தோன்றுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

கடைசியாக, அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்த வரி உங்களைப் பற்றியது இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'மதியம் அவர் விடுற குறட்டையில ஓடு பறக்கும், நடுவுல மூச்சே நின்னுடும், அப்புறம் ஹக்குன்னு இழுப்பார். அதுக்கு நடுவுலயும் நான் தூங்கிடுறேன்.' தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோய் அவருக்கு இருக்கக்கூடும். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் உயிர்வளி குறையும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்கும். அவர் படுத்திருந்தாலும் மூளைக்கு ஓய்வு கிடைக்காது. இரத்த அழுத்தம் ஏறும், இதயமும் கெடும். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு மணி நேரம் கண்விழித்துவிட்டு, காலை ஏழு மணிக்கு, செம்பனை லோரிகள் ஓடும் சாலையில் மோட்டாரில் வீட்டுக்கு வருகிறார்.

அடுத்த தடவை அவர் தூங்கும்போது உங்கள் கைபேசியில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள். நீங்கள் கிளினிக்குக்குப் போகும் அன்றே அவரையும் அழைத்துப்போய் அதை டாக்டரிடம் காட்டுங்கள்; தூக்கப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். வரமாட்டேன் என்பார். 'எனக்கென்ன குறை, தலையைச் சாய்ச்சா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன்' என்பார். அதையும் அப்படியே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.